செவ்வாயில் எஞ்சின் இல்லாத கிளைடர்: என் கணக்கில் ஓட்டை எங்கே?

பால்சாக்கத்தி எழுதியது:

பன்னிரண்டு வருடமாக ஆர்சி கிளைடர் (ரிமோட்டில் ஓட்டும் எஞ்சினில்லாக் குட்டி விமானம்) பறக்க விடுகிறேன். படித்தது மெக்கானிக்கல், ஏரோ இல்லை. அதனால் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் 2022இல் செவ்வாய்க்கு ஒரு கிளைடர் வடிவமைத்தார்கள். எடை சுமார் 5 கிலோ, இறக்கை 3.35 மீட்டர், எஞ்சின் கிடையாது. அதைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. நானும் காகிதத்தில் ஒன்று போட்டுப் பார்த்தேன்: 2 கிலோ, இறக்கை முனைக்கு முனை 2.4 மீட்டர், அகலம் 20 செமீ. நம் ஊர்க் காற்றில் இது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுகமாகப் போகும். செவ்வாயில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.020 கிலோ என்று வைத்துக்கொண்டேன், நம்முடையதில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் ஈர்ப்பும் நம்முடையதில் 38 சதவீதம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அதே கிளைடர் அங்கே 4.8 மடங்கு வேகத்தில் பறந்தாக வேண்டும், அதாவது விநாடிக்கு 48 மீட்டர். அங்கே ஒலியின் வேகமே சுமார் 240 மீட்டர்தான், இருந்தாலும் 48 என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, பயமில்லை.

சறுக்கு விகிதம் 15 என்று எடுத்தேன் (1 மீட்டர் இறங்க 15 மீட்டர் முன்னே போகும்). வால்ஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கின் மேலே 5 கிமீ உயரத்தில் விட்டால் 75 கிமீ போகும், 26 நிமிடம் காற்றில் இருக்கும். நம்பவே முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம். ஓட்டை எங்கே?

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஓட்டை முதல் வரியிலேயே இருக்கிறது, எஞ்சின் இல்லை என்கிறீர்களே. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 2021 ஏப்ரலில் ஆரம்பித்து 2024 ஜனவரி வரை 72 தடவை பறந்தது. இறங்கும், சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், மறுபடி கிளம்பும். உங்களுடையது ஒரே ஒரு தடவை விழப்போகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் 26 நிமிடம் விழுவதற்கு எதற்கு இறக்கை? ஒரு கல்லைக் கட்டி விட்டால் போதாதா?

பால்சாக்கத்தி எழுதியது:

அந்த 72 பறப்பையும் கூட்டினால் மொத்தம் 17 கிமீ, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதிகபட்ச உயரம் 24 மீட்டர். நான் ஹெலிகாப்டரைக் குறை சொல்லவில்லை, அது செய்தது பெரிய காரியம். ஆனால் அதன் வேலை தரையை ஒட்டி.

தரையில் நிற்கும் ரோவர்கள் ஆளுயரத்தில் காற்றை அளக்கின்றன. சுற்றுக்கலங்கள் மேலே இருந்து பார்க்கின்றன. நடுவில் இருக்கும் சில கிலோமீட்டர் அடுக்கு, புழுதி கிளம்பி மேலே ஏறும் அதே அடுக்கு, அதற்குள்ளே நேரடியாக அளந்தது என்றால் கலங்கள் இறங்கும்போது விழுந்த வழியில் கிடைத்த தரவுதான். கல்லைக் கட்டி விட்டாலும் அளக்கலாம், சரி. ஆனால் கல் ஒரு கோட்டில் சில நிமிடத்தில் போய்விடும். கிளைடர் பள்ளத்தாக்குச் சுவரை ஒட்டிக் குறுக்கே போய் அளக்கும். அந்தச் சுவர்ப்பக்கம் எந்த ரோவரையும் இறக்க யாரும் துணியமாட்டார்கள்.

ரேனால்ட்ஸ் தாசன் எழுதியது:

தம்பி, வேகக் கணக்கு சரி. ஆனால் திரும்பும் வட்டத்தைப் பார்த்தீர்களா?

நம் ஊரில் 10 மீ/வி வேகத்தில் 45 பாகை சாய்த்துத் திருப்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 10 மீட்டர். செவ்வாயில் 48ஐ வர்க்கப்படுத்தி 3.71ஆல் வகுங்கள். 620 மீட்டர் வரும். அறுபத்தொரு மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் அதே எடை, அதே இறக்கை, அதே சாய்வு என்றால் ஈர்ப்பு கணக்கிலிருந்தே அடிபட்டுப் போய்விடும், அடர்த்தி மட்டும்தான் மிஞ்சும். அடர்த்தி அறுபதில் ஒன்று என்றால் வட்டம் அறுபது மடங்கு. எந்த ஏரோடைனமிக்ஸ் சாமர்த்தியமும் இதில் பெரிதாக உதவாது, எடையைக் குறைப்பதைத் தவிர.

இதற்கு இரண்டு விளைவு. ஒன்று, தெர்மலில் (சூடாகி மேலே ஏறும் காற்றுத் தூணில்) சுற்றி ஏறலாம் என்று கனவு கண்டால் அந்தத் தெர்மல் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். செவ்வாயில் பகல் நேரத்தில் காற்று கலங்கும் அடுக்கு பல கிலோமீட்டர் உயரம் போவதால் அவ்வளவு அகலமான தெர்மல் இருக்கவே இருக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் கண்ணில்லாத விமானம் அதைத் தேடிப் பிடித்து நடுவில் நிற்க வேண்டும். இரண்டாவது விளைவுதான் எனக்குக் கவலை. உங்கள் கிளைடர் அதைச் சுமந்து வந்த பெட்டியிலிருந்து விடுபடும்போது மூக்கு கீழே பார்த்து விழும். அதை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்துவதும் ஒரு வட்டம்தான், செங்குத்தான வட்டம். அதற்கும் அதே அறுபது மடங்கு. 5 கிமீ என்கிறீர்களே, அதில் முழுசாக 1 கிமீ நிமிர்வதற்கே போய்விடும் என்று இப்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

பால்சாக்கத்தி எழுதியது:

சார், இது என் மண்டையில் ஏறவே இல்லை. மைதானத்தில் கையிலிருந்து எறிந்தவுடன் மூக்கு குத்தினால் எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் மடலை) இழுத்துவிட்டு மறந்துவிடுவோம், தென்னை உயரத்தில் முடிந்துவிடும். கழித்துக்கொண்டேன். 4 கிமீ.

முச்சை எழுதியது:

நான் வல்வெட்டித்துறைக்காரன், இப்ப இருப்பது டொரொண்டோவில். தைப்பொங்கலுக்கு எங்கட ஊர்க் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு விஷயம் சின்ன வயதிலேயே கைக்குத் தெரிந்துவிடும். பெரிய பட்டத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, கயிற்றோடு இன்னொருவர் இழுத்துக்கொண்டு ஓடும்போது கீழே காற்று சோம்பலாகத்தான் இருக்கும். பட்டம் தளம்பும். பனை உயரம் தாண்டியதும் சட்டென்று கயிறு விறைத்து உள்ளங்கையை அறுக்கும், அதுவரை சும்மா இருந்த விண் (பட்டத்தில் கட்டும், காற்றில் ஒலிக்கும் நார்) கூவத் தொடங்கும். கீழே ஒரு காற்று, மேலே வேறு காற்று. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த வித்தியாசம்தான் எரிபொருள்.

ஆல்பட்ராஸ் பறவை அதைத்தான் தின்று வாழ்கிறது. எதிர்காற்றைப் பார்த்து ஏறும், ஏற ஏறக் காற்று கூடுவதால் அதன் காற்றுவேகம் குறையவேண்டிய அளவுக்குக் குறையாது. மேலே திரும்பிக் காற்றோடு சேர்ந்து இறங்கும்போது, கீழே காற்று குறைவு என்பதால் மறுபடியும் லாபம். லார்ட் ரேலி 1883இலேயே இதை எழுதிவிட்டார். ஆர்சி ஆட்கள் மலை முகட்டின் மறைவில் இதே வித்தையைச் செய்து 2021இல் மணிக்கு 880 கிமீயைத் தாண்டினார்கள். எஞ்சின் கிடையாது, புரொப்பெல்லர் கிடையாது. அரிசோனா ஆட்களின் திட்டமும் இதை நம்பித்தான் இருக்கிறது. பால்சாக்கத்தி, நீங்கள் வெறுமனே சறுக்கி இறங்குவதை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தையும் போடுங்கோ.

கடைசிபெஞ்ச் எழுதியது:

சென்னையில் சூத்திரம் (பட்டத்தில் கட்டும் முடிச்சுக் கயிறு) போட்டுப் பட்டம் விட்ட எனக்கும் இந்தக் கயிறு விறைக்கிற விஷயம் தெரியும். ஆனால் பட்டத்துக்குக் கயிறு இருக்கிறது அண்ணா, தரையில் நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். கயிறில்லாத பொருளுக்குக் காற்றோடு போவதைத் தவிர என்ன வழி?

முச்சை எழுதியது:

நல்ல கேள்வி. கயிற்றின் வேலையை அதன் நிறை செய்கிறது. மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குப் பாயும் அந்த இரண்டு மூன்று விநாடியில் விமானம் தன் வேகத்தை மறக்க நேரம் இல்லை. பாரமில்லாத காகிதத்தால் இது முடியாது, அது உடனே காற்றோடு போய்விடும். ஆர்சி ஆட்கள் இதற்கென்றே கிளைடரில் ஈயம் ஏற்றுவார்கள்.

ரேனால்ட்ஸ் தாசன் எழுதியது:

தோராயமாகச் சொல்கிறேன், பரீட்சைத் தாளில் எழுதிவிடாதீர்கள். ஆல்பட்ராஸ் பாணியில் தாக்குப்பிடிக்கத் தேவையான காற்று வித்தியாசம், ஈர்ப்பை வேகத்தாலும் சறுக்கு விகிதத்தாலும் வகுத்த மாதிரி வரும், முன்னால் ஐந்து அளவில் ஒரு எண். வேகம் 15, சறுக்கு விகிதம் 20 உள்ள பறவைக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் காற்று 0.16 மீ/வி கூட வேண்டும். செவ்வாயில் கொஞ்சம் வேகமாக, 60 மீ/வியில் ஓட்டி, விகிதம் 15 என்று வைத்தால் 0.02 போதும். அதாவது ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 20 மீ/வி வித்தியாசம். எட்டில் ஒரு பங்கு.

ஆக, மெல்லிய காற்று எங்கே நம்மைக் கொல்கிறதோ (வட்டம்) அங்கேயே நமக்கு உதவவும் செய்கிறது (வேகம்). ஆனால் இவ்வளவும் அந்த 15ஐ நம்பி. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, நாளை எழுதுகிறேன், இப்போது கரண்ட் போகப்போகிறது.

வெள்ளிக்கிழமை எழுதியது:

எல்லோரும் செவ்வாயைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வேற்றுக் கோளில் முதலில் பறந்த பொருள் செவ்வாயிலா பறந்தது? 1985 ஜூனில் சோவியத்தின் வேகா 1, வேகா 2 கலங்கள் வெள்ளியில் இரண்டு பலூன்களை விட்டன. ஹீலியம் நிரப்பிய மூன்றரை மீட்டர் பலூன், எஞ்சின் இல்லை, 54 கிமீ உயரத்தில் இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக மிதந்து ஒவ்வொன்றும் 11,000 கிமீ அளவில் போயிற்று. பேட்டரி தீர்ந்ததால்தான் பேச்சு நின்றது.

வெள்ளியின் தரை நரகம்தான், 460 பாகை, 90 மடங்கு அழுத்தம். ஆனால் 55 கிமீயில் அழுத்தம் நம்முடையதில் பாதி, வெப்பம் 27 பாகை செல்சியஸ். கொடைக்கானல் இல்லாவிட்டாலும் பெங்களூர். அடர்த்தி 0.92. பால்சாக்கத்தி சாருடைய கிளைடரை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் 11 மீ/வி வேகத்தில் பறக்கும். திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 13.5 மீட்டர். வேகா பலூன்கள் அங்கே விநாடிக்கு 1 முதல் 3 மீட்டர் வரை மேலும் கீழும் போகும் காற்றைப் பார்த்தன, அதுவும் பெரும்பாலும் இரவுப் பக்கத்தில். உங்கள் கிளைடர் இறங்கும் வேகம் 0.7. வேறென்ன வேண்டும்?

பால்சாக்கத்தி எழுதியது:

அக்கா, இது உண்மையாகவே உறைத்தது. 2 மீ/வி தெர்மல் கிடைத்தால் எங்கள் மைதானத்தில் விசில் அடிப்போம்.

ஆனால் கந்தக அமில மேகம்? என் இறக்கையில் எபாக்ஸி பசை இருக்கிறது, சர்வோவில் (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டாரில்) பித்தளைப் பல்சக்கரம் இருக்கிறது, கீல் எல்லாம் டேப்.

வெள்ளிக்கிழமை எழுதியது:

வேகா பலூனுக்கு டெஃப்லான் பூசினார்கள், தாங்கியது. கீல்தான் தொல்லை, ஒத்துக்கொள்கிறேன். அசையும் இடத்தில் பூச்சு விரியும். இறக்கையையே முறுக்கித் திருப்பினால் கீலே வேண்டாம்.

எனக்கு நிஜமாகப் பயம் தருவது வேறு: பலூன் ஏமாந்தாலும் மிதக்கும், கிளைடர் ஏமாந்தால் இறங்கும். 50 கிமீக்கு வந்தால் 75 பாகை, அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சூடு ஏறும். உட்கார்ந்து யோசிக்க ஒரு தரை கிடையாது. ஆனாலும் ஐந்து நிமிடம் பாரசூட்டில் நிதானித்துவிட்டுக் கிளம்பலாம், தவறினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரவு அனுப்பும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எனக்கு இப்போது சனியின் நிலவான டைட்டனும் வேண்டும். காற்று நம்முடையதைவிட நாலு மடங்கு அடர்த்தி, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. கதவைக் கழற்றி எறிந்தால்கூடப் பறக்கும் போலிருக்கிறது.

முச்சை எழுதியது:

பறக்கும், ஆனால் மைனஸ் 179 பாகையில் உங்கள் பேட்டரி கல்லாகிவிடும். அதனால்தான் நாசா அங்கே அனுப்பவிருக்கும் டிராகன்ஃப்ளைக்கு அணு வெப்பத்தில் ஓடும் மின்மூலம். டைட்டனுக்குத் தனி இழை போடலாம், இங்கே செவ்வாய்க்கு வருவோம். எனக்குச் செவ்வாய் பிடித்த காரணம் காசு. வெள்ளிக்குத் தனியாக ஒரு கலம் போக வேண்டும். செவ்வாய்க்கு இலவச டிக்கெட் இருக்கிறது.

கியூரியாசிட்டி ரோவர் செவ்வாயில் இறங்கும்போது சமநிலையை மாற்றுவதற்காக டங்ஸ்டன் எடைகளைக் கழற்றி வீசினார்கள். 75 கிலோ எடை இரண்டு, 25 கிலோ எடை ஆறு. மொத்தம் 300 கிலோ, வெறும் உலோகம், செவ்வாய் வரை கொண்டுபோய் வீச்சு. நாசாவின் ஆம்ஸ்ட்ராங் மையத்தில் பிராண்டில்-எம் என்று ஒரு குட்டிக் கிளைடரை உருவாக்கியபோது இதைத்தான் சொன்னார்கள், அந்த எடையின் இடத்தில் விமானத்தை வை என்று.

ரேனால்ட்ஸ் தாசன் எழுதியது:

இலவச டிக்கெட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். அந்த 75 கிலோ எடைகளைக் காற்றுக்குள் நுழைவதற்கு முன்பே கழற்றிவிடுகிறார்கள். அந்த இடத்தில் கிளைடர் இருந்தால் அதற்குத் தனி வெப்பக் கவசம் வேண்டும். 25 கிலோ எடைகள் பாரசூட் விரிவதற்குச் சற்று முன், இன்னும் ஒலியை மிஞ்சிய வேகத்தில். அந்த வேகத்தில் 2.4 மீட்டர் இறக்கையை விரித்தால் குச்சி குச்சியாக வரும். ஆகவே உங்கள் 2 கிலோவைச் சுற்றி ஒரு உருளை, அதற்கு ஒரு குட்டிப் பாரசூட், வேகம் தணிந்தபின் மடக்கிய இறக்கை விரிவது, பூட்டு விழுவது. 25 கிலோவுக்குள் அடங்கும். ஆனால் வடிவமைப்பில் தொண்ணூறு சதவீத வேலை பறப்பதில் இல்லை, அந்தக் கீலில் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சறுக்கு விகிதம் 15. நேற்று சொன்ன வருத்தம். உங்கள் 20 செமீ இறக்கை நம் ஊரில் 10 மீ/வியில் போகும்போது ரேனால்ட்ஸ் எண் (இறக்கை அகலம், வேகம், காற்றின் அடர்த்தி, பிசுக்கு நான்கையும் சேர்த்துச் சொல்லும் எண்) 1,30,000 சொச்சம். செவ்வாயில் வேகம் கூடினாலும் அடர்த்தி போய்விட்டதால் அது 18,000க்கு இறங்கிவிடும். இந்த எண்ணில் காற்று தடித்த, வழுவழுப்பான இறக்கையின் முதுகில் ஒட்டாது. பாதி வழியில் பிரிந்து போய்விடும், திரும்பி வந்து ஒட்டவும் தெம்பு இருக்காது. அகலத்தில் 12 சதவீதம் தடிமன் உள்ள வழக்கமான இறக்கை அங்கே 15 தராது. ஐந்தோ ஆறோ.

தும்பியின் இறக்கையைப் பாருங்கள். மெல்லியது, மடிப்பு மடிப்பாக இருக்கும். அது வாழ்வது இதைவிடக் குறைந்த எண்களில்தான்.

பால்சாக்கத்தி எழுதியது:

சார், இதைச் சோதிக்க வெற்றிடத் தொட்டி வேண்டாமா?

ரேனால்ட்ஸ் தாசன் எழுதியது:

வேண்டாம். ரேனால்ட்ஸ் எண்ணுக்குச் செவ்வாயும் தெரியாது, சேலமும் தெரியாது. இறக்கை அகலத்தை நாலில் ஒரு பங்காக்குங்கள், 5 செமீ. முனைக்கு முனை 60 செமீ. அதை நம் காற்றில் 5.3 மீ/வியில் பறக்க விட்டால் அதே 18,000. எடை 35 கிராம் வந்தால் தூக்குவிசைக் கணக்கும் பொருந்தும். பால்சா மரம் (லேசான மாடல் மரம்) உங்கள் வீட்டில் இருக்கிறது.

பால்சாக்கத்தி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரண்டு இறக்கை செய்தேன். ஒன்று பழைய தடித்த வடிவம், தெர்மாகோலில் வெட்டி மணல்தாள் போட்டு வழவழப்பாக்கியது. இன்னொன்று 2 மிமீ பால்சாத் தகடு. வெந்நீரில் ஊறவைத்துக் குளிர்பானப் பாட்டில் மேல் ரப்பர் பேண்டால் கட்டி ஒரு ராத்திரி காய வைத்தால் அதுவே வளைந்துகொள்கிறது, வளைவு அகலத்தில் சுமார் 5 சதவீதம் வந்தது. உடலும் வாலும் இரண்டுக்கும் ஒன்றே. மூக்கில் களிமண் வைத்து இரண்டையும் 35 கிராமுக்குக் கொண்டுவந்தேன்.

காற்றே இல்லாத நீளமான இடம் எங்கே? ஆடி மாதம், உறவினர் ஒருவரின் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கிறது. மின்விசிறியை எல்லாம் நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்தி, மாடி பால்கனியில் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ரப்பர் கவணால் விட்டேன். எறிந்தால் கை வேகம் மாறிவிடுகிறது, கவண்தான் சரி. வாட்ச்மேன் தாத்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தடித்த இறக்கை, பத்து எறிதலின் சராசரி: 17 மீட்டர். விகிதம் 5க்குக் கொஞ்சம் கீழே. பறப்பது மாதிரியே இல்லை, படியிறங்குவது மாதிரி மூக்கை ஆட்டி ஆட்டி இறங்கியது.

வளைந்த தகடு: 28 மீட்டர். விகிதம் 8. மேடைக்கு முன்னால் போய்த் தரையைத் தடவியது.

வழுவழுப்பாக்க நான் மணல்தாள் போட்ட மூன்று சாயங்காலமும் வீண். சரி, 8ஐ வைத்துத் திரும்பக் கணக்கு போட்டேன். இறங்கும் வேகம் 6 மீ/வி. நிமிர்ந்தபின் மிச்சம் 4 கிமீ. 32 கிமீ தூரம், 11 நிமிடம். தெர்மலில் 45 பாகை சாய்த்தால் இறங்குவது 10 மீ/வி ஆகிவிடும், அந்த ஆசையை விட்டுவிட்டேன். முச்சை அண்ணனுடைய ஆல்பட்ராஸ் வித்தைக்குத் தேவையான காற்று வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது, கிலோமீட்டருக்கு 40 மீ/வி. பள்ளத்தாக்கு விளிம்பில் கிடைக்கலாம், எங்கும் கிடைக்காது. ஆக என் கிளைடர் 11 நிமிடக் கிளைடர். சுவரை ஒட்டி நேராகப் போகும், திரும்பாது, அளந்துகொண்டே போய் மோதும். அதற்கப்புறம் பேட்டரி இருக்கும்வரை விழுந்த இடத்தில் கிடந்து காற்றழுத்தம் சொல்லும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஒரே இறக்கத்தில் 32. ஹெலிகாப்டரின் 72 பறப்பும் சேர்த்து 17. சரி, கல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இலவச டிக்கெட் என்றால் நாலு அனுப்புங்கள், நாலில் ஒன்று சுவரில் மோதாமல் போனாலும் போதும்.

வெள்ளிக்கிழமை எழுதியது:

தகடு இறக்கை வெள்ளியிலும் வேலை செய்யுமா என்று கேட்கவில்லை, அங்கே உங்கள் பழைய தடித்த இறக்கையே போதும். தூக்கி எறிந்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும்.

ரேனால்ட்ஸ் தாசன் எழுதியது:

நல்ல வேலை தம்பி. ஒரு திருத்தம். கடைசி அரை மீட்டர் உயரத்தில் தரையின் தயவால் இழுவை குறையும், கிளைடர் சும்மாவே நீளும். 28இல் அந்தப் பகுதி எவ்வளவு என்று தெரியாமல் 8 என்று சொல்லக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் மேலே சுவரில் கோடு போட்டு, அதைத் தாண்டும் வரை மட்டும் தூரத்தை எடுங்கள். பக்கவாட்டில் வீடியோ வையுங்கள். 7 வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பால்சாக்கத்தி எழுதியது:

சுவரில் கோடு போட்டால் உறவினர் கொன்றுவிடுவார், கலர் டேப் ஒட்டுகிறேன். ஆவணி பிறந்தால் மண்டபம் கிடைக்காது, இந்த ஞாயிறே போக வேண்டும். வாலில் ஒரு சின்ன விரிசல் இருக்கிறது, சயனோ பசை ஒட்டினால் அரை கிராம் கூடும், மூக்குக் களிமண்ணையும் மறுபடி எடை போட வேண்டும்.